பீக்கிங் விருந்துமேசையில் அயல்நாட்டு விருந்தினர்

சீனர் விருந்துக்கு அழைக்கப்பெற்ற அயல்நாட்டவர் முதலிலே திகைப்பது உணவின் வகைகளைக் கண்டு அன்று. தமக்கென்று தனியாக எதுவும் பரிமாறப்படாமையைக் கண்டே. தட்டங்கள் யாவும் வட்டமேசையின் நடுவில் இருக்கும். எல்லாரும் அவற்றிலிருந்தே எடுத்துண்பர். வாயிலை நோக்கிய இருக்கை மதிப்புக்குரியது. விருந்தளிப்பவர் நல்ல துண்டாகத் தேர்ந்து, குச்சிகளால் எடுத்து, விருந்தினர் தட்டிலே தாமே இடுவார். அதை ஏற்றுண்பது அவருடைய அன்பை ஏற்றுக்கொள்வதாகும்.

பொதுத்தட்டில் பலர் குச்சியிடுவது நோயைப் பரப்பும் என்று அஞ்சிய சீனரும் உண்டு. பினாங்கிலே பிறந்து, மஞ்சூரியாவின் கொள்ளைநோயை எதிர்த்துப் போராடிய வைத்தியர் வூ லியென் தே, 1915இல் மேசை நடுவே சுழலும் தட்டொன்றை வைக்கலாம் என எடுத்துரைத்தார். இன்று உலகெங்குமுள்ள சீன உணவகங்களில் அத்தகைய சுழல்தட்டைக் காண்கிறோம்.

நேயர்களே, இவ்விருந்து முறை அரசியலிலும் தன் பங்கை ஆற்றியதுண்டு. 1971 யூலையில் அமெரிக்க ஜனாதிபதியின் ஆலோசகர் ஹென்றி கிசிஞ்சர், பாக்கிஸ்தானில் வயிற்றுக்கோளாறு என்று போக்குக்காட்டிவிட்டு, இரகசியமாகப் பீக்கிங் சென்றார். யூலை 10ஆந் தேதி பிரதமர் சௌ என் லாய், அமெரிக்காவின் கொள்கைகளை வரிசையாகக் கண்டித்துரைத்தார். கிசிஞ்சரும் விடாது மறுமொழி கூறத் தொடங்கினார். பேச்சு முறிந்துவிடுமோ என்ற நிலையில், வாத்துக்கறி ஆறிவிடும், முதலில் உண்போம் என்றார் சௌ. வாட்டிய வாத்தின் மொறுமொறுப்பான தோலையும் இறைச்சியையும் மெல்லிய ரொட்டியில் வைத்து, வெங்காயத்தாளும் இனிப்புக் குழம்பும் சேர்த்துச் சுருட்டி, கையாலேயே உண்பது பீக்கிங் வழக்கம். கை நிறைய உணவை வைத்துக்கொண்டு கடுஞ்சொல் பேசுவது எவர்க்கும் எளிதன்று! உணவுக்குப் பின் பேச்சின் போக்கு இளகிற்று. யூலை 15இல், தாம் சீனா செல்லவிருப்பதை நிக்சன் உலகுக்கு அறிவித்தார்.

1972 பெப்ரவரி 21ஆந் தேதி நிக்சன் பீக்கிங்கில் வந்திறங்கினார். 1954இல் ஜெனீவா மாநாட்டிலே அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் டலஸ், சௌவுடன் கைகுலுக்க மறுத்தார் என்ற செய்தியை அவர் அறிவார். ஆதலால் விமானப்படிகளிலிருந்து இறங்கும்போதே கையை நீட்டினார். அன்றிரவு மக்கள் மாமண்டபத்தில் விருந்து. 1959இல் கட்டப்பெற்ற அம்மாளிகையின் விருந்துக்கூடத்தில் ஐயாயிரம் பேர் அமரலாம். சீனப் படையினரின் வாத்தியக் குழு அமெரிக்கப் பாடல்களை இசைத்தது. சௌ தம் குச்சிகளாலே நிக்சனுக்கு உணவெடுத்து இட்டார். முன்கூட்டியே பயின்று வந்திருந்த நிக்சனும் குச்சிகளைத் தடுமாறாமல் கையாண்டார். செய்மதி வாயிலாக அமெரிக்க மக்கள் அதைக் காலை வேளையிலேயே கண்டனர்.

மௌத்தாய் என்னும் மதுவோ வேறு சோதனை. அதில் பாதிக்கு மேல் சாராயம். கிண்ணத்தை வற்றச்செய்க என்று பொருள்படும் "கன்பெய்" என்ற சொல்லைக் கேட்டபோதெல்லாம் முழுவதும் அருந்தினால் எவரும் வீழ்வர். நிக்சன் மேசைக்கு மேசை சென்று கிண்ணத்தை உயர்த்தினார். ஆயினும் உதட்டை நனைப்பதோடு நிறுத்திக்கொண்டார். ஆரவாரமாய் ஏற்று, அடக்கமாய் அருந்துவது அவ்விடத்தில் தகுந்த தந்திரமே.

இவ்விருந்தை வியந்து பேசுவோர் ஒன்றை மறத்தலாகாது. அந்நாளிலே சீனப் பொதுமக்களுக்குத் தானியமும் எண்ணெயும் பங்கீட்டுச் சீட்டுக்கே கிடைத்தன. மேசையின் நிறைவு நாட்டின் நிறைவைக் காட்டவில்லை. தாய்வானைப் பற்றிய கருத்து வேறுபாடும் அம்மேசையில் தீரவில்லை. ஷங்ஹாயில் வெளியிட்ட கூட்டறிக்கையில் இரு நாடுகளும் தத்தம் நிலையைத் தனித்தனியே எழுதின. முழுமையான இராஜதந்திர உறவு 1979 ஜனவரி முதலாந் தேதியே ஏற்பட்டது. அதைக் காணச் சௌ இருக்கவில்லை. அவர் 1976இல் காலமாகிவிட்டார்.

பெப்ரவரி 25ஆந் தேதி அதே மண்டபத்தில் நிக்சன் மறுவிருந்தளித்தார். அன்று சௌ விருந்தினர். கிண்ணங்களில் மௌத்தாய்க்குப் பதிலாகக் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த திராட்சை மது நுரைத்தது.