இரணைமடுக் குளம்

இலங்கையின் வட மாகாணத்திலேயே பெரிய குளம். வவுனியாப் பக்கத்தில் ஊற்றெடுத்து, முல்லைத்தீவைக் கடந்து, சுண்டிக்குளம் களப்பில் விழும் கனகராயன் ஆற்றைக் கிளிநொச்சிக்கு அருகே மறித்துக் கட்டியது. 'இரணை' என்றால் இரட்டை. பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரு மடுக்கள் ஒன்றாகிப் பிறந்த பெயர்.

ஆங்கிலேயர் காலத்தில், 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி இல்லாதவர்களுக்கு 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் வந்தபோது, காடு வெட்டிக் கழனியாக்க வந்தவர்கள் நம்பியது இந்தத் தண்ணீரைத்தான். 1950களிலும் 1970களிலும் அணை உயர்த்தப்பட்டது. வட்டக்கச்சி, முரசுமோட்டை, உருத்திரபுரம் என்று ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் இதன் கீழ் உண்டு.

மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் பெரிய சிக்கல் இல்லை. குளத்தை மட்டுமே நம்பிய சிறுபோகம் அப்படியல்ல. விதைப்புக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் மாவட்டச் செயலரும் உட்கார்ந்து, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், துருசு (மதகு) எந்த நாள் திறப்பது என்று முடிவெடுப்பார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் பாதிக் காணி தரிசாகக் கிடக்கும். 'நிலைபேறான அபிவிருத்தி' என்ற சொல் வருமுன்பே இங்கே இருந்த நடைமுறை இது.

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் இந்தக் குளம் இருக்கும் வன்னிக்கு வெளிநாட்டுப் பணம் வந்தது. இந்தியா வீடு கட்ட மானியம் தந்தது. இந்தியக் கடனில் தண்டவாளம் போட்டு, 23 ஆண்டுகளுக்குப் பிறகு 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சியைத் தொட்டது. குளத்துக்கு வந்த பணம் மட்டும் பெரிய பிணக்கைக் கூடவே கொண்டுவந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி, யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் குடிநீர் வழங்கும் திட்டத்துக்கு 2010இல் கடன் ஒப்பியது. இரணைமடுத் தண்ணீரைக் குழாய்வழி குடாநாட்டுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அதோடு ஒட்டிச் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் கடனில் குளத்தைப் புனரமைக்கும் வேலையும் வந்தது.

கமக்காரர்கள் மறுத்தார்கள். சிறுபோகத்துக்கே போதாத தண்ணீர் எப்படிக் குடாநாட்டுக்கும் காணும் என்பது அவர்கள் கேள்வி. இதைப் பிரதேசவாதம் என்று தள்ளியது தவறு. இடம்பெயர்ந்து திரும்பி, கடன்பட்டு முதல் விதைப்பைச் செய்தவர்களின் அச்சம் அது. குடாநாட்டின் தேவையும் பொய்யல்ல. ஆறில்லாத அந்தச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணறுதான் கதி. அதிலும் உவர் ஏறுகிறது, உரத்தின் நைத்திரேற்று கலக்கிறது. பிழை திட்டத்தின் ஒழுங்கில்தான் இருந்தது. கடன் ஒப்புமுன்பே கமக்காரர்களோடு பேசி முடித்திருக்க வேண்டும்.

2013இல் எதிர்ப்பு வலுத்தது; புதிதாகத் தெரிவான வட மாகாண சபையும் மாற்றுவழி கேட்டது. கடைசியில் திட்டம் கடலை நோக்கித் திரும்பியது. தாளையடியில் கட்டிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது; நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு.

புனரமைப்பு வேலையில் குளத்தின் கொள்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்ந்து, 2018 டிசம்பர் தொடக்கத்தில் திறப்பு விழா நடந்தது. அதே மாதம் கொட்டிய மழையில் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கீழ்ப்பக்க ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. கதவுகளை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற கேள்வி அன்று முதல் ஒவ்வொரு மாரிக்கும் எழுகிறது.