சப்வூஃபர் பெட்டிக்கு எத்தனை லிட்டர் காற்று? ஒரு குட்டி வரலாறு

போன விடுமுறையில் என் அத்தான் தன் காரின் டிக்கியில் 12 அங்குல சப்வூஃபர் ஒன்று மாட்டினார். ஸ்பீக்கரைத் தேடி நாள் கணக்கில் அலைந்தவர், பெட்டிக்கு மட்டும் ஆசாரியிடம் "சூட்கேஸ் வைக்க இடம் விட்டு அடிச்சுக் குடுங்க" என்று சொன்னதோடு சரி. முடிவு? இளையராஜாவாக இருந்தாலும் ரஹ்மானாக இருந்தாலும் ஒரே 'தொம் தொம்'தான். அத்தான் ஸ்பீக்கர் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார். எனக்குப் பெட்டியின் மேல்தான் சந்தேகம். துருவப் போய் ஒரு நல்ல கதையே கிடைத்துவிட்டது.

முதலில், பெட்டி எதற்கு? ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. கனத்த ஒலியில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்க ஒலியை அடைத்து வைக்கத்தான் பெட்டி. ஆனால் அடைபட்ட காற்று சும்மா இருக்காது, ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ளும். பெட்டி சிறிதாகச் சிறிதாக ஸ்பிரிங் விறைக்கும், ஒலியின் ஆழம் குறையும். அதனால்தான் அந்தக் காலத்தில் நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவு பெட்டி வேண்டியிருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ், பெட்டியில் ஒரு துவாரம் வைத்துப் பின்பக்க ஒலியையும் உதவிக்கு அழைக்கலாம் என்று 1932இல் காப்புரிமை பெற்றார். இன்று கார் பெட்டிகளில் பார்க்கும் 'போர்ட்' அதன் வாரிசுதான்.

அடுத்த திருப்பம் 1954. எட்கர் வில்ச்சர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மறுஉருவாக்கம் பற்றிப் பாடம் எடுத்தவர். காற்று ஸ்பிரிங்கை எல்லோரும் எதிரியாகப் பார்த்தபோது, அவர் அதையே வேலைக்கு வைத்துக்கொண்டார். கூம்பைத் தாங்கும் விளிம்பைத் தொளதொளவென்று விட்டு, சிறிய மூடிய பெட்டியின் காற்றே கூம்பைத் திரும்ப இழுக்கும்படி செய்தார். துணி, காகித விளிம்பைவிடக் காற்று சீரான ஸ்பிரிங், ஒலி சிதைவதும் குறைவு. தன் மாணவர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கி, ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரை விற்றார்.

இதற்கு ஒரு விலை உண்டு. சிறிய பெட்டியில் ஆழமான பேஸ் வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயர் நிறைய வாட் கொட்ட வேண்டும். க்ளாஸின் அடுத்த கம்பெனியான கே.எல்.எச்.சில் கூட்டாளியாக இருந்த ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன் இதை விதியாகவே சொன்னார். சிறிய பெட்டி, ஆழம், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். (இவருடைய அப்பா புகழ்பெற்ற பியானோ மேதை ஹாஃப்மன். அவர் காருக்கான ஷாக் அப்சார்பருக்கும் காப்புரிமை வாங்கியவர்!)

காரில் சப்வூஃபர் தாமதமாக வந்ததன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது கார் மின்சாரம் சுமார் 14 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து நேராக எடுத்தால் எப்படிப் புரட்டினாலும் 25 வாட்டுக்கு மேல் சுத்தமாக வராது. வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்கள் வந்த பிறகுதான் டிக்கிக்குள் அடங்கும் பெட்டிக்கு அர்த்தம் வந்தது. ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் ஸ்டீவ் இர்பி தொடங்கிய கம்பெனி, 1980இல் பிக்கப் வண்டிக்கென்றே பெட்டியோடு சேர்ந்த 'கிக்கர்' ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ரோலண்ட் டி.ஆர்.-808 டிரம் மெஷினும் வந்தது. அதன் நீண்டு அதிரும் டிரம் ஒலியில் மயாமி பேஸ் என்ற இசையே பிறந்தது. பிறகு தெருவே அதிராமல் இருக்குமா?

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஆஸ்திரேலியாவில் நடந்தது. அதுவரை பெட்டி அளவு பெரும்பாலும் செய்து பார், கேட்டுப் பார், அறுத்துப் பார் கதைதான். நெவில் தீல் என்ற பொறியாளர், ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்தது ஒரு மின் வடிகட்டி போலத்தான் என்று பார்த்து, துவாரப் பெட்டிகளுக்கு 28 வகை அமைப்புகளைப் பட்டியலே போட்டார். கட்டுரை 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் இதழ் ஒன்றில் வந்தது. வெளியுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் அதை மேலே கொண்டுபோனார். 1971இல் அமெரிக்க ஒலிப் பொறியாளர் சங்க இதழ் தீலின் கட்டுரையை மறுபடி அச்சிட்டது. அடுத்த ஆண்டிலிருந்து ஸ்மாலின் கட்டுரைகள் வந்தன. பத்து வருடம்! விடை அச்சில் இருந்தும் உலகம் பலகையை அறுத்துக்கொண்டிருந்தது. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

இன்று சப்வூஃபரோடு வரும் தாளில் இருப்பவை இந்த இருவர் பெயரிலான எண்கள்தான். அத்தான் தூக்கிப் போட்ட தாளைத் தேடி எடுத்தேன். அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 80 லிட்டர். மூடிய பெட்டிக்குக் கணக்கு சுலபம். 80ஐப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.45ஆல் பெருக்க வேண்டும். 0.7 வந்தால் ஒலி சமமாக இருக்கும். ஆசாரி அடித்த பெட்டியை அளந்தேன், உள்ளே 16 லிட்டர். விடை 1.1. 73 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு மேடு, அதற்குக் கீழே சரிவு. 'தொம் தொம்' அந்த மேடுதான். 55 லிட்டர் இருந்திருந்தால் 47 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கியிருக்கும்.

அதற்கும் கீழே கார் தானே உதவும். உள்ளறை 2.5 மீட்டர் நீளம் என்றால், சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக அழுத்தம் கூடும். மூடிய பெட்டி கீழே இழப்பதைக் கார் ஓரளவு திருப்பித் தந்துவிடும். துவாரப் பெட்டி சத்தம் அதிகம் தரும், ஆனால் இன்னும் பெரிதாக வேண்டும்; துவாரத்தின் அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானமும் இருக்காது.

கணக்கை அத்தானிடம் காட்டினேன். தாளையே சற்று நேரம் பார்த்தவர், "அப்போ சூட்கேஸ்?" என்றார். போன வாரம் ஆசாரி மறுபடி வந்தார். சூட்கேஸ் இப்போது பின் சீட்டில், என் பக்கத்தில்.