பெருவிரல் புடைப்பு அறுவைச் சிகிச்சை (ஆஸ்திரேலியா)

கால் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய, அதன் அடிமூட்டு பாதத்தின் உள்விளிம்பில் துருத்தி நிற்பதே பெருவிரல் புடைப்பு. மருத்துவத்தில் இதன் பெயர் ஹாலக்ஸ் வால்கஸ். அங்கே புதிதாக எலும்பு வளர்ந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இடம் விலகிய முதல் பாத எலும்பின் தலைதான் வெளியே தெரிகிறது. புடைப்பை மட்டும் சீவி எடுத்தால் விரல் மறுபடி சாய்வது அதனால்தான். எலும்பை வெட்டி, நேராக நகர்த்தி, திருகாணியால் பொருத்துவதே இன்றைய முறைகளின் அடிப்படை.

குடும்ப வழியாக வரும் கால் அமைப்பும் இறுக்கமான காலணியும் முக்கியக் காரணங்கள். ஹாங்காங்கில் 1958-இல் வெளியான ஆய்வில், காலணி அணியாத சீனர்களில் சுமார் 2 சதவீதத்தினருக்கும் அணிபவர்களில் 33 சதவீதத்தினருக்கும் இந்தச் சாய்வு இருந்தது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்து 2010-இல் வெளியிட்ட கணக்குப்படி, 18 முதல் 65 வயதுக்குள் 23 சதவீதத்தினருக்கும் அதற்கு மேல் சுமார் 36 சதவீதத்தினருக்கும் இது உண்டு. பெண்களிடமே அதிகம்.

முறைகள்

நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியும் கோணம்தான் முறையைத் தீர்மானிக்க வேண்டும். பெருவிரல் 15 பாகைக்கு மேல் சாய்ந்தால் அது புடைப்பு. 40-ஐத் தாண்டினால் கடுமையானது. லேசான, நடுத்தரச் சாய்வுக்குப் பாத எலும்பின் முனையில் 'வி' வடிவில் வெட்டும் செவ்ரான் முறை போதும். இன்னும் கூடுதலாக நகர்த்த வேண்டுமானால் 'இசட்' வடிவ ஸ்கார்ஃப் வெட்டு. எலும்பின் அடிமூட்டே தளர்ந்திருந்தால் அந்த மூட்டை இணைத்துவிடும் லாபிடஸ் முறை. 1934-இல் வந்தது, இன்றும் நிலைத்திருக்கிறது. மூட்டு தேய்ந்து வலித்தால் பெருவிரல் மூட்டையே அசையாமல் இணைப்பார்கள்.

இப்போது அதிகம் பேசப்படுவது சிறுதுளை அறுவை. சில மில்லிமீட்டர் துளை வழியே சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள சுழல்முனையை நுழைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி எலும்பை வெட்டுவார்கள். சிட்னி அறுவை மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 50 நோயாளிகளில் ஒரு பாதியினருக்குத் துளை முறையும் மறு பாதியினருக்குத் திறந்த ஸ்கார்ஃப் முறையும் செய்யப்பட்டன. முதல் ஆறு வாரங்களில் துளை முறைக்காரர்களுக்கு வலி குறைவு. ஆனால் எலும்பு நேரான அளவு ஏறக்குறைய ஒன்றே. உள்ளே வெட்டப்படுவது அதே எலும்புதான்; அது கூடும் காலத்தைத் தழும்பின் அளவு மாற்றாது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

யார் செய்வது?

ஆஸ்திரேலியாவில் இந்த அறுவையை இரு தரப்பினர் செய்கிறார்கள்: மருத்துவப் பட்டம் பெற்ற எலும்பு அறுவை மருத்துவர்கள், பாத மருத்துவம் படித்து அறுவையில் மேற்பயிற்சி பெற்றவர்கள். இரண்டாம் தரப்பினரின் அறுவைக்கு அரசின் மெடிகேர் தொகை கிடையாது. அவர்கள் மீதான கண்காணிப்பு பற்றிய சுயேச்சை ஆய்வு, அவர்களின் பட்டப்பெயரையே மாற்ற வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. தனியார் காப்பீட்டில் முதல் தரப்பு வெண்கலத் திட்டத்துக்குள்ளும் இரண்டாம் தரப்பு வெள்ளித் திட்டத்துக்குள்ளும் வரும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு. பொது மருத்துவமனையில் இது பெரும்பாலும் மூன்றாம் பிரிவு, அதாவது 365 நாள் இலக்கு.

தேறும் காலம்

முதல் இரண்டு வாரம் காலை இதயத்துக்கு மேலே உயர்த்தி வைப்பதே முதல் வேலை. கெட்டியான அடிப்பகுதி கொண்ட காலணியோடு அன்றோ மறுநாளோ குதிகாலில் எடை வைத்து நடக்கலாம். லாபிடஸ் முறையில் செய்துகொண்டவர்களுக்குத் தாமதமாகும். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். எலும்பு கூட ஆறு வாரம். வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு.

மெல்பர்னின் தென்கிழக்கிலுள்ள ரோவில் போன்ற புறநகரில் இந்த ஆறு வாரத்தை முன்கூட்டித் திட்டமிட வேண்டும். அங்கே ரயில் இல்லை. அங்குள்ள ஸ்டட் பார்க் கடைவளாகத்திலிருந்து கோல்ஃபீல்டுக்குப் போகும் 900-ஆம் எண் பேருந்தை நம்ப வேண்டும், அல்லது கார். வலது காலில் அறுவை என்றால் அவசரமாகப் பிரேக் மிதிக்கும் பலம் திரும்பும்வரை, சுமார் ஆறு வாரம், வண்டி ஓட்டக் கூடாது. இடது கால் மட்டும் என்றால் ஆட்டோமேட்டிக் காரை மருத்துவர் அனுமதியோடு முன்னதாக ஓட்டலாம்.

நம் தமிழ் வீடுகளுக்கென்று சில செய்திகள் உண்டு. மெட்டியை அறுவைக்கு முன்பே கழற்றிவிட வேண்டும். வீங்கிய விரலில் அது இறுகினால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் பழக்கம் முதல் ஆறு வாரம் ஆகாது. மெல்பர்னின் த பேசின் பகுதியிலுள்ள விநாயகர் கோயில் போன்ற இடங்களில் காலணியைக் கழற்றி நிற்பதும் அப்படியே. பெருவிரல் முழுதாக மடங்க வேண்டிய முழுமண்டி நிலைக்கு, பரதநாட்டியம் ஆடுவோர் பல மாதம் பொறுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, பாதத்து ரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் சோதித்த பிறகே நாள் குறிக்க வேண்டும். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும்.

விரல் விறைப்பு, மரத்துப்போதல், தொற்று, ரத்த உறைவு, எலும்பு கூடாமை, சாய்வு திரும்பி வருதல் ஆகியவை எந்த முறையிலும் நேரக்கூடும். அகலமான காலணியும் சிலிகான் திண்டும் வலியைத் தணிக்காதபோதுதான் அறுவை. வலிக்காத காலை, பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக மட்டும் வெட்டிக்கொள்ள வேண்டாம்.