அண்ணலின் கோட்டும் அந்துப்பூச்சியும்

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது கள்ளர்கள் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். எட்டில் மூன்று துணியைப் பற்றியவை. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் போடக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது.

அதே மாதம் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. அங்கே கோட்டு அணிந்து உட்கார்ந்திருந்தார் அண்ணல் அம்பேத்கர். அந்தக் கோட்டு ஏன் வெறும் உடை அல்ல என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அண்ணலின் உடைகள் பல இன்று நாக்பூருக்கு அருகே சிச்சோலி சாந்திவனத்தில் இருக்கின்றன. 1956 அக்டோபர் 14 தீட்சை விழா ஏற்பாட்டில் முன்னின்ற வாமன்ராவ் கோட்போலே, அண்ணலின் உதவியாளர் நானக் சந்த் ரத்துவிடமிருந்து பெற்றுக் காத்தவை அவை. ஆனால் பக்தி மட்டும் துணியைக் காப்பாற்றாது. ஆண்டுகள் போகப் போக உடைகள் நைந்தன. பிறகுதான் லக்னோவில் உள்ள பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வுக்கூடத்தின் கைக்கு அவை போயின.

பழந்துணிகளைக் காப்பவர்களின் வேலை நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. அழுக்கைக் கண்டதும் அவர்கள் துவைக்க ஓடுவதில்லை. கறை எங்கே, கிழிசல் எங்கே, யார் எந்த நூலால் தைத்தது என்று முதலில் படமெடுத்துக் குறித்துக்கொள்கிறார்கள். முழங்கைத் தேய்வு, மையின் துளி, காலரில் ஊறிய வியர்வை எல்லாமே அணிந்தவரின் உழைப்புக்குச் சாட்சி. சலவைக்குப் போட்டால் சாட்சி போய்விடும்.

சிக்கலும் அங்கேதான். வியர்வை பட்ட கம்பளியைத்தான் அந்துப்பூச்சியின் புழு தேடித் தின்னும். அதற்கு மருந்தடிப்பதைவிடக் குளிரை நம்புகிறார்கள். காற்றுப் புகாமல் பாலித்தீனில் சுற்றி, மைனஸ் 20 டிகிரியோ அதற்கும் கீழோ உள்ள குளிரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் முட்டை முதல் எல்லாம் சாகும். தூசியை எடுக்க, மேலே மெல்லிய வலை போர்த்தி, குறைந்த விசையில் உறிஞ்சு கருவி. ஓட்டைக்கு அடியில் அதே நிறத் துணி வைத்து, நாளைக்கே பிரிக்க முடிகிற மாதிரி தையல். காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸ் வெளிச்சம், அவ்வளவுதான். ஒளியால் வெளுத்த சாயம் திரும்பி வராது.

அரண்மனைப் பட்டுகளுக்கு அருங்காட்சியகங்களில் இடமுண்டு. தடையை மீறிச் சட்டை போட்ட நம் தாத்தாக்களின் சட்டை எங்கே? கிழியும்வரை உடுத்தினோம், பிறகு தொட்டில் கட்டினோம், கடைசியில் கரித்துணியாக்கினோம். ஏழையின் துணிக்கு முதுமை வாய்ப்பதில்லை.

ஆனாலும் யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது ஒன்று இருக்கும், தோழர்களே. கிடைத்தால் துவைக்காதீர்கள். அந்துருண்டையைத் துணிமேல் போடாதீர்கள். கஞ்சி போடாத, அலசிய வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, ஆண்டுக்கொரு முறை மடிப்பை மாற்றுங்கள். யாருடையது, எந்த ஊர், எப்போது உடுத்தியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். குண்டூசி மட்டும் குத்த வேண்டாம், துருப்பிடித்துத் துணியை அரித்துவிடும்.