கரும்புத் தொட்டிலும் மிதிவண்டியும்

திருவண்ணாமலையின் வரலாறு என்று நாம் படித்தவை பெரும்பாலும் வீட்டைத் துறந்து வந்தவர்களின் வரலாறு. சித்தர்கள், மடத்துத் தம்பிரான்கள், ரமணர், சேஷாத்ரி சுவாமிகள் என்று அந்த வரிசை நீள்கிறது. ஆனால் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் பாதையைத் தம் காலடிகளால் தேய்த்தவர்களில் பெரும்பாலோர் துறவிகள் அல்லர். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று எனப் பிள்ளைகளோடு வந்த குடும்பத்தினர். தாம் வந்த வழியை அவர்கள் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்களும் பிள்ளைகளை எழுதவில்லை.

இந்த எண்ணம் எங்களுக்குத் தானாக வந்ததன்று. கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகக் காரில் வந்து, பின்புறம் கட்டியிருந்த மிதிவண்டிகளை வேங்கிக்காலில் இறக்கினோம். வேலூர்ச் சாலையில் நகரின் வட விளிம்பில் இருக்கும் ஊர் இது. 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்து புதிய மாவட்டம் உருவானபின், ஆட்சியர் அலுவலகம் அமைந்தது இங்கேதான். அன்று இரவு எங்கள் ஏழு வயதுப் பெண் கேட்டாள்: “என்னை மாதிரி சின்னப் பிள்ளைங்க அந்தக் காலத்துல மலையை எப்படிச் சுத்தினாங்க?” எங்களிடம் விடை இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றதன் விளைவு.

முதல் விடை இவ்வூரின் கார்த்திகைத் திருவிழாவிலேயே இருக்கிறது. பிள்ளை வேண்டிப் பெற்றவர்கள், கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் சேலையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, குழந்தையை உள்ளே கிடத்தி, முன்னும் பின்னும் தாங்கியபடி மாட வீதிகளை வலம் வருவர். வழக்கத்தின் தோற்றுவாயாக வல்லாள மகாராசன் கதையைச் சொல்கிறார்கள். பிள்ளையில்லாத மன்னனுக்கு இறைவனே குழந்தையாகத் தோன்றி மறைந்தான் என்பது அக்கதை. இன்றும் மாசி மாதத்தில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகனாக நின்று மன்னனுக்குத் திதி கொடுக்கிறார்.

வரலாறு வேறு சொல்கிறது. தில்லிப் படையெடுப்புகளால் துவாரசமுத்திரத்தில் நிலைகொள்ள முடியாமல் அண்ணாமலையைத் தலைநகராகக் கொண்ட ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்கு மகன் உண்டு. மதுரை சுல்தானுடன் நடந்த போரில் வல்லாளன் 1340களின் தொடக்கத்தில் கொல்லப்பட்டபின், அம்மகன் விருபாட்சன் சிறிது காலம் ஆண்டான். அப்படியிருக்க, மக்கள் ஏன் அவனைப் பிள்ளையில்லாதவன் ஆக்கினார்கள்? போரில் மாண்ட அரசன் அவர்களுக்குத் தொலைவானவன். பிள்ளைக்கு ஏங்கிய தகப்பன் அவர்களில் ஒருவன். தங்கள் துயரத்தை அவன்மேல் ஏற்றி, தங்கள் மகிழ்ச்சியைக் கரும்பில் கட்டித் தூக்கி வந்தார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது விடை மாட்டுவண்டி. தீபத் திருவிழாவை ஒட்டி நடக்கும் மாட்டுச் சந்தை பெயர்பெற்றது. சாமி கும்பிடுவதும் மாடு பிடிப்பதும் ஒரே பயணத்தில் முடிந்ததால் குடும்பமே வண்டி கட்டி வந்தது. பகலில் ஊர்தியான வண்டி இரவில் கூரையாயிற்று. அந்தக் காலத்து நெடும்பயணம் எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள அரிய சான்று, சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி தெலுங்கில் எழுதிய காசி யாத்திரை நூல். உற்றார், பணியாட்கள் என ஏறத்தாழ நூறு பேருடன் 1830 மே மாதம் சென்னையை விட்டவர், 1831 செப்டம்பரில் திரும்பினார். சத்திரங்களும் சுங்கச் சாவடிகளும் அரிசி விலையும் அதில் நாள்தோறும் பதிவாகின்றன. பெருங்கூட்டத்தைக் கட்டி மேய்த்த ஒருவரின் கவலைகள் அவை.

பின்னர் புகைவண்டி வந்தது. அண்ணாமலைக்கு வந்த மிகப் புகழ்பெற்ற சிறுவன் வேங்கடராமனுக்கு அப்போது பதினாறு வயது. 1896 ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணமான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு மதுரையை விட்டான். அவன் புரட்டிப் பார்த்த பழைய நிலப்படத்தில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் பாதை இல்லை. ஆகவே திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினான். வழியில் உண்மை தெரிந்து விழுப்புரத்தில் இறங்கி, கொஞ்சம் ரயிலிலும் கொஞ்சம் நடையுமாகச் சென்று, கீழூரில் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று வந்து சேர்ந்தான். இதை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அவனைத் தேடி 1898-இல் பவழக்குன்றுக்கு வந்து, அழுது, வெறுங்கையோடு திரும்பிய தாய் அழகம்மாளின் பயணத்தை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. 1916-இல் அவர் மகனிடமே வந்து தங்கிவிட்டார். வீட்டைத் துறந்தவரின் கதைக்குள்ளும் ஒரு குடும்பம் வழி கேட்டு வந்திருக்கிறது.

மிதிவண்டி இவ்வரிசையில் கடைசி. இரு சமச் சக்கரங்கள் கொண்ட வண்டியை ஸ்டார்லி 1885-இல் அமைத்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் உருவானபின் அது மெல்ல மெல்ல எளியவர் கைக்கும் எட்டியது. வாங்க முடியாதவர்களுக்கு வாடகைக் கடைகள் இருந்தன. பாரில் பொருத்திய குட்டி இருக்கையில் ஒரு பிள்ளை, கேரியரில் மனைவி, அவள் மடியில் இன்னொன்று. டபுள்ஸ் போனாலோ விளக்கில்லாமல் போனாலோ போலீஸ் பிடிக்கும் என்ற அச்சத்தோடு ஒரு தலைமுறை கோயிலுக்கும் திரைப்படத்துக்கும் அப்படித்தான் சென்றது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு மிதிவண்டி கற்றுத் தந்தபோது, கேரியரிலிருந்தவள் இருக்கைக்கு வந்தாள். பிள்ளையைத் தன் விருப்பப்படி ஓரிடத்துக்கு அழைத்துச் செல்ல அவளுக்கு முதன்முறையாக ஓர் ஊர்தி கிடைத்தது.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். பௌர்ணமி அல்லாத நாள் என்பதால் கூட்டமில்லை. ஆனால் ஊருக்குள்ளும் செங்கம் சாலையிலும் பேருந்துகளும் லாரிகளும் உரசிக்கொண்டு சென்றன. ஏழு வயதுக்காரியை ஓட்டவிடத் துணிவு வரவில்லை. இறங்கித் தள்ளினோம். செங்கம் சாலையை விட்டு வலப்புறம் திரும்பி, மரநிழல் தொடங்கிய பிறகே அவள் பெடல் மிதித்தாள். அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டி தருகிறது. அதை அச்சமின்றி ஓட்ட ஒரு சாலையைத் தரும் பொறுப்பு மட்டும் யாருடையதும் இல்லாமல் கிடக்கிறது.

ஆதி அண்ணாமலை வரையில்தான் முடிந்தது. சின்னவன் பின்னிருக்கையில் தூங்கிச் சாய்ந்தான். பெரியவள் இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்டாள். இளநீர் வாங்கிக் கொடுத்துக் கொஞ்சநேரம் இருந்தோம். பிறகு ஒருவர் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ள, ஒருவர் சின்னவனைத் தோளில் போட்டுக்கொள்ள, மெல்ல நடந்தோம். எதிர்ப்பட்ட மூதாட்டி ஒருவர் குழந்தையின் தலை தொங்குவதைப் பார்த்து, தன் துண்டை எடுத்துத் தோளுக்கும் அவன் கன்னத்துக்கும் இடையில் மடித்து வைத்துவிட்டுப் போனார். இந்தப் பாதையில் பிள்ளைகள் எப்படிச் சுற்றினார்கள் என்று எங்கள் மகள் பிறகு கேட்கவில்லை.