செயலியை நிறுவுதல்: எளிமையும் அமானிதமும்

அண்மையில் ஓர் இரவு. எட்டரை மணிக்கு ஷிப்ட் முடித்து, இஷாவையும் தொழுதுவிட்டு நெருப்பெரிச்சல் சாலையில் நடந்து வந்துகொண்டிருந்தோம். உடன் வந்த சகோதரர் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் தைப்பவர். புதிதாக வாங்கிய கைப்பேசியை என்னிடம் நீட்டி, "பாய், இதுல தொழுகை நேரம் காட்டுற ஆப் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார். பெயரைத் தட்டினேன், முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்தேன், அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. அவர் மகிழ்ந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அந்தச் செயலி அவருடைய இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் அறிய அனுமதி கேட்டிருந்தது. நான் படித்துப் பார்க்காமலேயே சம்மதம் என்று அழுத்தியிருந்தேன். பொருள் அவருடையது, சம்மதம் மட்டும் என்னுடையது.

அந்த அரை நிமிட எளிமை வானத்திலிருந்து இறங்கியதன்று. கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் உழைத்து உண்டாக்கியது. அதன் வரலாற்றை அறிந்தால், எதைப் பெற்றோம், எதைக் கைவிட்டோம் என்பது விளங்கும்.

இவ்வரலாற்றின் ஒரு முக்கிய அத்தியாயம் நமக்கு அருகிலேயே, பெங்களூரில் எழுதப்பட்டது. வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் குறித்து 1998 அக்டோபரில் அங்கு நடந்த ஒரு கருத்தரங்கில், ஏழைகளும் எழுத்தறியாதவர்களும் பயன்படுத்தத்தக்க கையடக்கக் கணினி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்த வினய் தேஷ்பாண்டே முதலானோரும் இணைந்து 1999-இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். 2001 ஏப்ரலில் முன்மாதிரிக் கருவி வெளியிடப்பட்டது. அது லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கியது, தொடுதிரை கொண்டது, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுத்தை ஒலியாக்கிப் படித்துக் காட்டவல்லது. ஏறத்தாழ 9,000 ரூபாய் விலையில் தர வேண்டும் என்பது இலக்கு. மென்பொருளில் வேரூன்றியிருந்த திறந்த உரிமம் என்னும் கொள்கையை, கருவியின் வன்பொருள் வடிவமைப்புக்கும் விரித்தார்கள். அக்காலத்தில் அது துணிவான செயல்.

அவர்கள் கண்ட வழியில் இன்றும் வியப்பளிப்பது ஒன்று உண்டு. ஓர் ஏழை தனக்கென ஒரு கருவியை வாங்க இயலாது; எனவே ஊருக்கு ஒரு கருவி இருக்கட்டும், ஆளுக்கு ஓர் அட்டை இருக்கட்டும் என்று எண்ணினார்கள். ஸ்மார்ட் கார்டு எனப்படும் அந்த அட்டையைச் செருகினால் கருவி அவருடையதாகும். உருவி எடுத்தால் அவருடைய விவரங்கள் அவருடனேயே போய்விடும். தனித்தனிச் செயலிகளை நிறுவும் தொல்லையைக் குறைக்க, 'ஐ.எம்.எல்' என்ற குறிமொழியையும் உருவாக்கினார்கள். அம்மொழியில் எழுதப்பட்ட பக்கங்களைக் கருவி திறந்து காட்டும். அவை அட்டையில் உள்ள விவரங்களையும் பயன்படுத்திக்கொள்ளும். செயலியை நிறுவத் தெரியாதவருக்கு, நிறுவவே தேவையில்லாத ஏற்பாடு அது.

2004 மார்ச்சில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையோடு 'அமிடா சிம்ப்யூட்டர்' விற்பனைக்கு வந்தது. அதன் குறைந்த விலையே பத்தாயிரம் ரூபாயை ஒட்டியிருந்தது. கர்நாடகத்தில் நில விவரங்களைப் பதிவது முதலிய சில அரசுப் பணிகளில் சிம்ப்யூட்டர் பயன்பட்டதேயன்றி, மக்கள் கைகளில் பரவவில்லை. அதற்குள் கைப்பேசிகள் மலிந்துவிட்டன. காரணம் விலை மட்டுமன்று. எந்தக் கருவியும் அதில் கிடைக்கும் பயன்பாடுகளால்தான் வாழும். வடிவமைப்பைத் திறந்து வைத்தார்கள். ஆனால் ஆயிரம் பேர் எழுதியதை இலட்சம் பேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் சந்தை ஒன்று அதைச் சுற்றி எழவில்லை.

அத்தகைய சந்தையை எழுப்புவது ஏன் கடினம்? நம் ஊர்த் தொழிலே விடை சொல்லும். ஒரு டி-சர்ட் முழுமையடைய நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கழுத்துக்கு ரிப், லேபிள், தையல் நூல் என எத்தனையோ வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து சேர வேண்டும். ரிப் வந்து சேரவில்லையென்றால் தைத்த உடல் துணி அத்தனையும் மூட்டையில் கிடக்கும். மென்பொருளும் அவ்வாறே. ஒரு செயலி இயங்க வேறு பல நிரல்தொகுப்புகள் தேவைப்படும். அவை ஒவ்வொன்றுக்கும் இன்னும் சில தேவைப்படும். ஒன்று குறைந்தாலும், பதிப்பு மாறியிருந்தாலும், செயலி திறக்காது. இவற்றையெல்லாம் பயனரே தேடிச் சேர்க்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வழியைத் திறந்த மென்பொருள் உலகமே முதலில் செம்மைப்படுத்தியது. 1999-இல் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்பு, 'ஆப்ட்' என்ற கருவியைப் பரவலாக்கியது. செயலியின் பெயரைச் சொன்னால் போதும். அதற்குத் தேவையான அனைத்தையும் களஞ்சியத்திலிருந்து அதுவே கொண்டுவந்து சேர்க்கும். ஆயினும் அது பெரிய கணினிகளுக்கு உரியது. நினைவகம் குறைந்த கையடக்கக் கருவிகளுக்காக, காம்பாக் ஐபேக் கருவியில் லினக்ஸை இயக்கிய தன்னார்வலர்கள் 'ஐ.பி.கே.ஜி' என்ற சிறிய கருவியைச் செய்தார்கள். 2002-இல் வந்த ஷார்ப் நிறுவனத்தின் ஸாரஸ் கருவியும் அதையே பயன்படுத்தியது. 2005-இல் நோக்கியா 770 வந்தபோது, டெபியன் முறையின் மேல் ஒரு வரைகலை முகப்பைப் பொருத்தி, கட்டளை எழுதத் தெரியாதவரும் செயலி நிறுவ வழி செய்தார்கள்.

2010-இல் வெளிவந்த பண்டோரா என்ற திறந்த கையடக்கக் கருவியின் வழி இன்னும் எளியது. அதில் ஒரு செயலி என்பது ஒரே ஒரு கோப்பு. தேவையானவை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். மெமரி கார்டில் உரிய இடத்தில் அக்கோப்பை வைத்தால் செயலி பட்டியலில் தோன்றும், எடுத்துவிட்டால் மறைந்துவிடும். விரித்துப் பரப்ப வேண்டியதில்லை. கருவியின் உள்ளே குப்பை சேர்வதுமில்லை. ரிப், லேபிள், பட்டன் அனைத்தையும் ஒரே பையில் போட்டு டைலரின் கையில் கொடுப்பதற்கு நிகரானது அது.

எனினும் உலகத்தை மாற்றியது இச்சிறு கருவிகள் அல்ல. 2008 ஜூலை 10 அன்று ஆப்பிள் நிறுவனம் ஏறத்தாழ 500 செயலிகளோடு ஆப் ஸ்டோரைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுளின் ஆண்ட்ராய்டு மார்க்கெட் வந்தது. 2012-இல் அதுவே கூகுள் பிளே என்று பெயர் மாறியது. களஞ்சியம் என்ற கருத்தைத் திறந்த உலகம் முன்பே வளர்த்து வைத்திருந்தது. நிறுவனங்கள் அதற்கு அழகிய வாசலையும், வாசலில் ஒரு காவலரையும் வைத்தன.

நம் பகுதிக்கு அந்த வாசல் தாமதமாகவே வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவாகும் வரை, டேட்டா என்பது தினக்கூலிக்காரர் எண்ணி எண்ணிச் செலவிடும் பொருள். ஆகவே மொபைல் கடையில் காசு கொடுத்து மெமரி கார்டில் பாட்டும் பயானும் படமும் செயலியும் ஏற்றிக்கொள்வோம். அறைத்தோழரிடமிருந்து புளூடூத் வழியாகவும், பிற்பாடு ஷேர்இட், ஸெண்டர் போன்றவற்றின் வழியாகவும் பெறுவோம். இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று தடைசெய்த 59 செயலிகளில் இவ்விரண்டும் இருந்தன. காசு மிச்சமாயிற்று, ஆனால் கைமாறி வந்த கோப்பு உண்மையானதா, இடையில் எவரேனும் எதையேனும் சேர்த்தாரா என்று பார்ப்பவர் எவருமிலர். அவ்விதத்தில் காவலர் உள்ள வாசல் ஒரு முன்னேற்றமே.

ஆனால் காவலர் இருந்தும் நடந்தவை உண்டு. 2020 நவம்பரில் வெளியான ஒரு செய்தி உலக முஸ்லிம்களை உலுக்கியது. கோடிக்கணக்கானோர் தொழுகை நேரத்துக்கும் கிப்லாவுக்கும் பயன்படுத்திய முஸ்லிம் புரோ செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் மதர்போர்டு இதழ் வெளிப்படுத்தியது. இராணுவத்துக்குத் தரவை விற்றதாகக் கூறப்பட்டதைச் செயலியின் நிறுவனம் மறுத்தது. எக்ஸ்-மோடுடனான உறவை முறித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. 2022-இல், ஒரு கோடிக்கும் மேல் பதிவிறக்கப்பட்ட ஒரு தொழுகைச் செயலி உட்படப் பல செயலிகளை, இரகசியமாகத் தரவு திரட்டும் நிரல் உள்ளிருந்த காரணத்தால் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது. இவை எல்லாம் முறையான வாசல் வழியே, ஒரே தட்டலில் நிறுவப்பட்டவை.

அப்படியானால் பழைய கடினத்துக்குத் திரும்புவதா? இல்லை. எளிமையைப் பழிப்பது நம் வழியன்று. முஆத் (ரலி), அபூமூஸா (ரலி) ஆகியோரை யமனுக்கு அனுப்பியபோது, மக்களுக்கு எளிதாக்க வேண்டும் என்றே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எளிதாக்குவது நற்செயல், எளிமையை நம்பி வந்தவரை ஏமாற்றுவதே மோசடி.

இரண்டையும் சேர்க்க முயல்வோரும் உள்ளனர். 2010-இல் தொடங்கிய எஃப்-ட்ராய்டு என்ற களஞ்சியம் திறந்த மூலநிரல் கொண்ட செயலிகளை மட்டுமே ஏற்கிறது. ஒரு செயலி பயனரைப் பின்தொடர்ந்தால் அதை நிறுவுமுன் எச்சரிக்கிறது. 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த பார்ஓஎஸ் என்ற இயங்குதளம் அறிவிக்கப்பட்டது. முன்கூட்டியே திணிக்கப்பட்ட செயலி எதுவும் அதில் இல்லை. சரிபார்க்கப்பட்ட செயலிகளை அந்தந்த அமைப்பின் தனிக் கடையிலிருந்து தருவது அதன் வழி. தனியுரிமை மிகவும் தேவைப்படும் அமைப்புகளையே அது முதலில் நோக்கியது. இவை எவையும் இன்னும் நம் ஓவர்லாக் சகோதரரின் கைக்கு வரவில்லை.

அதுவரை, நிறுவிக் கொடுப்பவர்களாகிய நாமே அவருக்கு வாசற்காவலர். ஒருவர் பூட்டில்லாத தன் கைப்பேசியை நம் கையில் தருவது அமானிதம். இந்தச் செயலியைச் செய்தவர் யார், இலவசமாகத் தருபவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, கேட்கும் அனுமதி வேலைக்குத் தேவையா என்ற மூன்று கேள்விகளைக் கேட்க அரை நிமிடத்தோடு இன்னும் இரண்டு நிமிடம் போதும்.

மறுநாள் இஷாவுக்குப் பின் அவரைத் தேடிப்போனேன். தொழுகை நேரத்தைக் கணக்கிட 'திருப்பூர்' என்று ஊரைத் தேர்ந்தெடுத்தாலே போதும் என்று காட்டி, இருப்பிட அனுமதியை நீக்கினேன். தொடர்பு எண்களுக்கான அனுமதியையும் நீக்கினேன். "அதுக்கு எதுக்குங்க பாய் என் வீட்டு நம்பரு?" என்று கேட்டார். முதல் நாள் இரவே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.