வெள்ளை உப்பின் கணக்கு

நான் அளத்துல உப்பு வாரத் தொடங்கினப்போ அயோடின்னா என்னன்னு தெரியாது. கழுத்துக் கழலையைத் தடுக்க 1962-லேயே மத்திய அரசு திட்டம் கொண்டுவந்தது. அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று 1998-ல் நாடு முழுக்கத் தடை. 2000-ல் அதை எடுத்தார்கள். 2006-ல் மறுபடி போட்டார்கள். இந்த இழுபறி நம்ம வயித்துப் பிள்ளைகளோட மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது.

கடைக்கு வரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்கணும். கம்பெனிகளும் அதைப் பாக்கெட்டில் பெருமையா அச்சடிக்குது. சரிதான். ஆனா வாருற கைக்கு என்ன கணக்கு? மழைக்காலத்துல வேலையில்லாத எங்களுக்கு அரசோட 5,000 ரூபாய் 2022-லதான் வந்துச்சு. வெயிலில் உப்பு கண்ணைக் கூசும். கறுப்புக் கண்ணாடி கேட்டு எங்க குழு மூணு தடவை முதலாளிகிட்ட போனோம். மூணாம் தடவைதான் கொடுத்தாங்க. அதுவும் பாதிப் பேருக்கு.